சீனிக்கு வந்த சோதனை

ஆடு வளர்க்காத முஸ்லிம் வீடுகள் பல உண்டு. ஆட்டைப் பற்றிப் பேசாத முஸ்லிம் வீடு உண்டா? ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் ஆட்டின் விலை, அகீகா என்றால் ஆட்டின் எண்ணிக்கை, விருந்து என்றால் ஆட்டின் எடை என்று நம் பேச்சில் அது ஓயாமல் வந்து போகிறது. ஆனால் அதே ஆடு காய்ச்சலில் படுத்துக் கண் திறக்க மாட்டாமல் கிடந்தால் அதற்கு என்ன செய்வது என்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2023ஆம் ஆண்டின் இறுதியில் பன்னிரண்டு நாட்கள் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் இதுவே பேச்சாக இருந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

நாங்கள் குடியிருப்பது பிள்ளைச்சாவடியில். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் ஆகியவற்றைக் கடந்து வரும் கடலோர ஊர் இது. புதுச்சேரி மண்ணில் புறப்பட்டுத் தமிழ்நாட்டு மண்ணுக்குள் போய், மீண்டும் புதுச்சேரி மண்ணில் கால் வைத்தால்தான் எங்கள் ஊருக்கு வர முடியும். முன்பு புதுவைப் பொறியியல் கல்லூரியாக இருந்து 2020ஆம் ஆண்டில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இங்கேதான் உள்ளது. மாணவர்களை நம்பி என் கணவர் நகல் எடுக்கும் கடை ஒன்றை நடத்தி வருகிறார். என் மாமியார் கோட்டக்குப்பத்துக்காரர். ஆட்டைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லக் கூடியவர்.

ஒன்பது வயதான என் மகள் உண்மையில் கேட்டது ஆட்டை அன்று, முயலை. பள்ளித் தோழியின் வீட்டில் இரண்டு வெள்ளை முயல்கள் இருந்தன. “முயல் தின்னும், தூங்கும், வேறென்ன செய்யும்? ஆட்டுக்குட்டி என்றால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் ஆகும்” என்று அவளுடைய அத்தா முடிவு செய்துவிட்டார். மேற்கே ஒரு வாரச் சந்தையிலிருந்து நவம்பர் நடுவில் ஒரு குட்டி வந்து சேர்ந்தது. நான்கு மாத வயதான நாட்டுக் கிடாக்குட்டி. உடல் முழுதும் கறுப்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. அந்தக் காதில் சீனி கொட்டியிருப்பதாக மகள் சொன்னாள். அதனால் சீனி என்று பெயர். வந்த அன்று மாலையே அவளுடைய கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டது. முயலை அவள் அதன்பின் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் சீனி அகத்திக்கீரையைத் தொடவில்லை. மூக்கில் நீர் வடிந்தது. மழைக்காலத்துச் சளி என்றே எவரும் எண்ணுவார்கள். மாலைக்குள் கண்களில் பீளை கட்டியது. மறுநாள் அந்த மூக்கு நீர் கெட்டியாகி மஞ்சளாயிற்று; உதடுகள் தடித்தன; வாயைத் திறந்து பார்த்தபோது ஈறுகளில் தவிட்டைத் தூவியது போன்ற வெண்படலம். வாயிலிருந்து எழுந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அடுத்த வீட்டு அக்கா வேலிக்கு அப்பால் நின்று எட்டிப் பார்த்தார். மீன் விற்றும் ஐந்து ஆடுகளை வளர்த்தும் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் விதவைப் பெண்மணி அவர். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் மாறிவிட்டது.

“பாயம்மா, இது சளியில்ல. வெக்கை” என்றார். வேறொன்றும் பேசாமல் தம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீட்டின் மறுபுறம் போய்க் கட்டினார்.

அவர் சொன்னது பழைய பெயர். வெக்கை என்று நம் முன்னோர் அஞ்சியது மாடுகளை ஊர் ஊராக வாரிச் சென்ற கொள்ளைநோயை. அந்த நோய் இன்று உலகில் இல்லை. அது அடியோடு ஒழிந்துவிட்டதென்று 2011ஆம் ஆண்டில் உலக அமைப்புகள் அறிவித்துவிட்டன. மனித முயற்சியால் உலகிலிருந்து துடைக்கப்பட்ட நோய்கள் இதுவரை இரண்டே. ஒன்று பெரியம்மை, மற்றொன்று இந்த மாட்டு வெக்கை. சீனியைத் தாக்கியது அதன் தம்பி. ஆட்டுக்கொல்லி நோய் என்று கால்நடைத் துறையினர் இதைக் குறிப்பிடுகிறார்கள். நம் குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை வைரசும், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரசும், இந்த இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

புதுச்சேரி வாசகர்களுக்கு ஒரு செய்தி: இந்நோயின் உலகப் பெயர் பிரெஞ்சுப் பெயராகும். 1942ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில், அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், இந்நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ‘பெஸ்த் தே பெத்தி ருமினான்’ என்று பெயரிட்டார்கள். அசைபோடும் சிறு பிராணிகளின் கொள்ளைநோய் என்பது அதன் பொருள். சரி, ஆப்பிரிக்காவின் நோய் நமக்கெதற்கு என்கிறீர்களா? இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் எது தெரியுமா? நம் அண்டை ஊரான அரசூர்! விழுப்புரத்தைத் தாண்டித் திருச்சி செல்லும் நெடுஞ்சாலையோரம் இருக்கிறதே, அதே அரசூர்தான். 1987ஆம் ஆண்டில் அங்கே செம்மறி ஆடுகள் நோயுற்றன. அவற்றைத் தாக்கியது மாட்டு வெக்கையன்று, வேறு வைரஸ் என்று அறிவியலாளர்கள் ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார்கள். 1990களின் நடுவில் வட இந்தியாவிலும் அது பரவியது தெரியவந்தது.

அரசூரின் கதை அத்துடன் முடியவில்லை. அங்கே பிடிபட்ட அந்த வைரசையே ஆய்வுக்கூடத்தில் மீண்டும் மீண்டும் வளர்த்து, நோய் உண்டாக்கும் வலுவை இழக்கச் செய்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார்கள். அதன் பெயரிலேயே அரசூர் 87 என்று ஊரும் ஆண்டும் நிற்கின்றன. வடக்கே இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கிய சுங்க்ரி 96 என்பது மற்றொன்று. ஒரு மில்லி மருந்தைத் தோலுக்கடியில் ஒரே ஒரு முறை செலுத்தினால் மூன்று ஆண்டுகளாவது காக்கும் என்கிறார்கள்.

சீனிக்கு அந்த ஊசி போடப்பட்டிருக்கவில்லை. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் மூன்று, நான்கு மாதங்கள் வரை இருந்து ஊசி மருந்தைப் பலிக்கவிடாமல் தடுக்குமாதலால் அதற்கு முன் போடுவதில்லை. நம் குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசியை ஒன்பது மாதம் நிறையும்வரை நிறுத்தி வைப்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே நான்காம் மாதம் என்பது ஆட்டுக்குட்டிக்கு ஆபத்தான வாசற்படி. தாயின் காவல் விலகியிருக்கும். ஊசியின் காவல் வந்திருக்காது. அந்த வயதில்தான் குட்டிகளைச் சந்தைக்கும் கொண்டு வருகிறார்கள்.

கால்நடை மருத்துவர் வந்து வெப்பமானியை வைத்துப் பார்த்தார். நூற்றாறு டிகிரி. ஆட்டின் இயல்பான சூடே நூற்றிரண்டு, நூற்று மூன்று இருக்கும். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, வண்டியில் அங்கே கொண்டு போகலாமா என்று என் கணவர் கேட்டார். “போகிற வழியெல்லாம் நோயை விதைத்துக்கொண்டு போவீர்கள். இங்கேயே இருக்கட்டும்” என்றார் டாக்டர். வைரசைக் கொல்லும் மருந்து கிடையாது என்பதை ஒளிக்காமல் சொன்னார். ஊசியாகப் போட்டது, பலவீனப்பட்ட நுரையீரலில் பாக்டீரியாக்கள் புகுந்து நிமோனியா ஆக்கிவிடாமல் தடுப்பதற்கு. “மற்றது உங்கள் கையில் இருக்கிறது. பத்து நாள் தாண்டினால் பிழைக்கும். தடுப்பூசி போடாத குட்டிகளில் பெரும்பாலானவை தாண்டுவதில்லை” என்றார். மகள் அப்போது அருகில் நின்றிருந்தாள்.

ஒன்றைக் கேட்டு நிம்மதியடைந்தோம். இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. மகள் சீனியைத் தொடலாம், மடியில் வைக்கலாம். ஆனால் அவள் கையோடும் பாவாடையோடும் வைரஸ் அடுத்த வீட்டு ஆடுகளுக்குப் போகலாம். எனவே தொட்டபின் சோப்பிட்டுக் கழுவாமல் வாசலைத் தாண்டக் கூடாது. இத்தனை கொடிய வைரஸ் வெயிலுக்கும் சோப்புக்கும் தாங்காது என்பது வேடிக்கை. வெயில்தான் அந்த நவம்பரில் கிடைக்கவில்லை.

சகோதரிகளே, பணிவிடை என்பதை எழுதுவது எளிது. மூன்றாம் நாள் பேதி தொடங்கியது. கொல்லைப்புறக் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்தோம்; ஒரு மணிக்கொரு முறை சாக்கை மாற்ற வேண்டியிருந்தது. பழைய சாக்குகளைச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். ஒவ்வொரு வக்துக்கும் குளித்து உடை மாற்றினால்தான் தொழ முடியும். நாள் ஒன்றுக்கு ஐந்து முறை. தொழுகைக்கென்று ஒரு சேலையைத் தனியே வைத்துக்கொண்டேன். அதுவும் ஒருநாள் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டதில் போயிற்று.

வாய்ப்புண்ணால் அது எதையும் மெல்ல முடியவில்லை. டாக்டர் சொன்னபடி, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பாகத் தெரியும் அளவு மட்டும் கரைத்துக் காலை மாலை வாயைக் கழுவிப் போரிக் கிளிசரினைப் பஞ்சால் தடவினோம். உப்புச் சர்க்கரைக் கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாயோரம் சிறிது சிறிதாக விட வேண்டும். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கி, நோயால் சாகாத குட்டி நம் கையால் செத்துவிடும். என் மாமியார் குட்டியை முழங்கால்களுக்கிடையே நிறுத்தித் தாடையை நேராகப் பிடித்துக்கொள்வார். நான் விடுவேன். விழுங்கும்வரை காத்திருப்போம். ஒரு டம்ளர் இறங்க முக்கால் மணி நேரமாகும். இரவில் இரண்டு முறை எழுந்தோம்.

கஞ்சி கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். நீர்த்த கஞ்சித் தெளிவு மட்டும், அதுவும் சிறிது. இரக்கப்பட்டுச் சோற்றைக் குழைத்து ஊட்டுகிறோமே, அது ஆட்டின் வயிற்றில் புளித்து அமிலமாகிவிடும். நன்றாயிருக்கும் ஆடுகளே பண்டிகை மறுநாள் மிஞ்சிய சோற்றைத் தின்று வயிறு உப்பிச் சாவதை நம் தெருக்களில் பார்க்கலாம். பெருநாளன்று மீந்த பிரியாணியை ஆட்டுக்கு வைக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் ஆட்டு வியாபாரி ஒருவர் வந்தார். செய்தி எப்படித்தான் இவர்களுக்குப் போகிறதோ! “நாளைக்கு இதுவும் இருக்காது பாய். இப்பவே குடுத்தா ஆயிரத்து ஐந்நூறு தர்றேன்” என்றார். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய குட்டி. மருந்துக்கு அதுவரை ஆயிரத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் கணவர் கடையில் ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்குகிறவர். ஒரு கணம் அவர் யோசித்ததை நான் பார்த்தேன். யோசித்ததற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு, “இது எங்கே போகும்?” என்று கேட்டார். வியாபாரி பதில் சொல்லாமல் சிரித்தார். உயிரோடு இன்னொரு சந்தைக்குப் போனால் அங்கே நூறு ஆடுகள். அறுத்து விற்றால் அதைத் தெரியாமல் வாங்கும் நூறு வீடுகள். “வேண்டாம், செத்தால் இங்கேயே புதைத்துக் கொள்கிறேன்” என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வீட்டில் இதைவிடப் பெரிய கவலை. அக்காவின் ஐந்து ஆடுகளுக்கும் ஊசி போட்டிருக்கவில்லை. இந்தத் தடுப்பூசி குளிர்ச்சியில் வைக்க வேண்டிய தூளாக வருகிறது. ஒரு குப்பியைக் கரைத்தால் பல டஜன் ஆடுகளுக்கு ஆகும். கரைத்த சில மணி நேரத்தில் போட்டுத் தீர்த்துவிட வேண்டும். ஐந்து ஆடு வைத்திருப்பவருக்காக ஒரு குப்பியை உடைக்க மாட்டார்கள். என் கணவரும் அக்காவின் மூத்த மகனும் தெருத் தெருவாகப் போய், பக்கத்துக் குப்பத்திலும் சொல்லி, ஆடு வைத்திருப்போரையெல்லாம் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கோயில் திடலில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆடுகள் நின்றன. “ஏற்கெனவே உள்ளே நோய் புகுந்த ஆடு இருந்தால் ஊசி அதைக் காப்பாற்றாது” என்று டாக்டர் முன்கூட்டியே எச்சரித்தார்.

அப்படியே ஆயிற்று. ஒரு வாரம் கழித்து அக்காவின் இரண்டு ஆடுகள் படுத்தன. ஒன்று தேறியது. சினையாயிருந்த மற்றொன்று முதலில் குட்டியை வீசியது, மறுநாள் தானும் இறந்தது. அவர் அதை விற்றால் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு தவணை. எங்கள் வீட்டுக் கொட்டகையில் அன்றைக்குத்தான் சீனி முதல் தடவையாகத் தானே எழுந்து நின்றிருந்தது. அந்த மகிழ்ச்சியை வெளியே காட்ட எங்களுக்கு நாணமாயிருந்தது.

கணவர் ஆட்டின் விலையைக் கொண்டு போய்க் கொடுத்தார். அக்கா வாங்கவில்லை. “நீங்க என்ன வேணுமின்னா செஞ்சீங்க?” என்று சொன்னார். சொன்னாரே தவிர அதன்பின் பல நாட்கள் வேலியோரம் வரவில்லை. நானும் வற்புறுத்திப் போய் நிற்கவில்லை. துக்கத்திலிருப்பவரை நம் மனநிம்மதிக்காகப் பேச வைப்பது சரியன்று என்பது என் கருத்து.

சீனியைப் பற்றிச் சொல்கிறேன். மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்த அந்த டிசம்பர் முதல் வாரத்தில் எங்களூரிலும் கடல் இரைந்துகொண்டிருந்தது. எங்கள் கரை ஏற்கெனவே ஆண்டுதோறும் அரிக்கப்பட்டு வருகிறதாதலால் அப்படிப்பட்ட இரவுகளில் எவரும் சரியாக உறங்குவதில்லை. இரவு மருந்து கொடுக்கக் கொட்டகைக்குப் போனேன். மாமியார் ஏற்கெனவே அங்கே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். விரலை உதட்டில் வைத்துப் பேசாதே என்றார். விளக்கைத் தாழ்த்திப் பார்த்தேன். சீனி கண்ணை அரைக்கண்ணாக மூடிக்கொண்டு, கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் மெல்ல மெல்ல அசைத்துக் கொண்டிருந்தது. கழுத்தில் ஓர் உருண்டை மேலே ஏறியது. அசை போடுகிறது! பத்து நாட்களாக நின்றுபோயிருந்த ஆட்டின் வயிறு மீண்டும் இயங்கத் தொடங்கிவிட்டது. “அல்ஹம்துலில்லாஹ்” என்றார் மாமியார், காதோடு காதாக. மகளை எழுப்புவோமா என்றேன். “காலையில் அவளே பார்க்கட்டும்” என்றார்.

இந்நோயிலிருந்து பிழைத்த ஆட்டுக்கு அது மீண்டும் வருவதில்லை. ஆயுள் முழுமைக்கும் எதிர்ப்புச் சக்தி நின்றுவிடுகிறது. ஆனால் உடல் தேற இரண்டு மாதம் பிடித்தது. உதட்டுத் தழும்புகள் மாசி மாதம்வரை இருந்தன.

இனி நீங்கள் எதிர்பார்க்கும் கேள்விக்கு வருகிறேன். அது குர்பானிக்கென்று வாங்கப்பட்ட குட்டியாயிற்றே? வெளிப்படையாக நோயுற்றிருக்கும் பிராணி குர்பானிக்கு ஆகாது என்பது நாமறிந்தது. ஆனால் 2024 ஜூன் 17ஆம் நாள் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தபோது சீனி நோயாளி அன்று. கொழுத்த கிடா. மகள் ஒரு மாதம் முன்பிருந்தே எதுவும் கேட்காமல் இருந்தாள். கேட்காமலிருப்பது கேட்பதைவிட எங்களுக்குக் கடினமாயிருந்தது. நேர்ச்சையாக இந்த ஆட்டைத்தான் கொடுப்பேனென்று எவரும் வாயால் சொல்லியிருக்கவில்லை. அதை மாமியார்தான் நினைவுபடுத்தினார். அன்புகொண்ட ஒன்றைக் கொடுப்பதல்லவா குர்பானி என்று என் கணவர் சொன்னதும் உண்மையே. அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இருவரும் இரண்டு இரவு பேசினார்கள்.

மூன்றாம் நாள் அவர் மகளிடம் கேட்டார்: “அடுத்த வீட்டு அத்தைக்கு ஒரு ஆடு போச்சே, அதற்குப் பதில் நம்மிடம் என்ன இருக்கு?” அவள் வெகு நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள். பிறகு, “கறிக்குக் குடுக்க மாட்டாங்கன்னு சொன்னா குடுக்கலாம், அத்தா” என்றாள்.

பணத்தை மறுத்த அக்கா கிடாவை மறுக்கவில்லை. ஊரில் பொலிகிடா இல்லாமல் ஒவ்வொரு முறையும் காலாப்பட்டுவரை பெட்டைகளை ஓட்டிக்கொண்டு போகிறவர் அவர். எங்கள் குர்பானிக்கு, ஊசி போட்ட அடையாளத்தைக் கேட்டுப் பார்த்து வேறொரு கிடா வாங்கினோம். பெருநாளன்று அக்காவின் பிள்ளைகள் வந்து சாப்பிட்டுப் போனார்கள்.

முயலுக்கு வைரஸ் நோயே வராதா என்று மகள் ஒருநாள் கேட்டாள். அவளுடைய அத்தா படித்துச் சொன்னார்: 1950ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் முயல் பெருக்கத்தை அடக்க மிக்சோமா என்னும் வைரசை மனிதர்களே அவற்றினிடையே பரவவிட்டார்களாம், கோடிக்கணக்கில் முயல்கள் மாண்டனவாம். அவள் நெடு நேரம் பேசவில்லை. அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம் என்று மாமியார் கடிந்துகொண்டார்.

ஆட்டுக்கொல்லி நோயை 2030ஆம் ஆண்டுக்குள் உலகிலிருந்தே ஒழிப்பதென்று உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக விலங்கு நல அமைப்பும் 2015இல் திட்டம் வகுத்தன. இந்தியாவில் தடுப்பூசித் திட்டம் 2010ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. எங்கள் சாலையில் ஒரு தொல்லை என்னவென்றால், ஒரு கல் தொலைவுக்குள் ஆட்சியெல்லை மாறுகிறது. இந்தப் பக்க ஆடுகளுக்குப் புதுச்சேரி அரசின் முகாம், அந்தப் பக்க ஆடுகளுக்குத் தமிழ்நாட்டு அரசின் முகாம். தேதிகள் வேறு. ஆடுகளோ இரு பக்கமும் ஒரே புல்லை மேய்கின்றன. ஆகவே முகாம் எங்கே நடந்தாலும் மறுபுறத்தாருக்கும் செய்தி சொல்லும் வேலையை என் கணவரின் கடை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கடை வாசலில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். நகலெடுக்க வரும் மாணவர்கள் அதைப் படித்துச் சிரிக்கிறார்கள். சிலர் தம் ஊருக்குத் தொலைபேசியில் சொல்லவும் செய்கிறார்கள்.

2024 நவம்பரில் அக்காவின் பெட்டையாடு இரண்டு குட்டிகள் ஈன்றது. ஒன்றுக்கு ஒரு காது வெள்ளை. அன்றே மகள் எங்கள் வீட்டு நாட்காட்டியில் விரலால் எண்ணி, அடுத்த ஆண்டு நாட்காட்டி வாங்கும்வரை காத்திருந்து, பிப்ரவரியில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். அந்தத் தேதியில் குட்டிகளின் காதைப் பிடித்துக்கொள்ள அக்கா அவளைத்தான் வேலியோரம் வந்து கூப்பிட்டார்.